உள்ளங்கை மொட்டு

மதுரைப் பூ மார்க்கெட்டில் கடைக்காரர் வீரணன் விடிகாலையில் வாங்கிக் குவித்த மல்லி, கிலோவுக்கு இருபது ரூபாய் இறங்கிவிட்டது. நஷ்டத்துக்கு விற்பதா என்று அவர் மீசை துடித்தது. எடை போடும் ராக்குவிடம், “ஏய், வாங்கின விலைக்குக் குறையாம வித்துக் குடு. இல்லேன்னா நாளைக்கு வராதே” என்றார்.

ராக்கு ஒரு மொட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். “இது விரியாம நீங்க பாத்துக்கங்க மொதலாளி. விலை இறங்காம நான் பாத்துக்கிறேன்.”

வீரணன் வீம்பாகக் கையை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், மொட்டு பாதி விரிந்திருந்தது. “போற விலைக்குத் தள்ளு” என்றார்.

மத்தியானம், விலை ஏறும் என்று காத்திருந்த பக்கத்துக் கடைப் பூவெல்லாம் அடிமாட்டு விலைக்கு சென்ட் ஃபேக்டரி வண்டியில் ஏறியது. வீரணன் தானே போய் ராக்குவுக்கு டீ வாங்கி வந்தார்.

இப்போதெல்லாம் விலை இறங்கினால் அவரே கையை நீட்டுகிறார். “ஒரு மொட்டு வை தாயி.”