குளத்தில் மிதந்த குப்பை

"டீச்சர், என் மண்டைக்குள்ள ஒரே குப்பைங்க. அள்ளிப்போட ஒரு வழி சொல்லுங்க. இல்லீன்னா நாளையிலிருந்து வரமாட்டேன்."

சென்னியப்பன் இதை மிரட்டலாகத்தான் சொன்னார். முப்பத்துநாலு வருடம் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தவர். மிரட்டாமல் பேசினால் தன் குரல் அவருக்கே அடையாளம் தெரியாது.

தமயந்தி டீச்சருக்கு அவரைவிட இருபத்தைந்து வயது குறைவு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில், குளத்தங்கரை வேப்பமரத்தடியில், காலையில் தியானம் சொல்லிக்கொடுக்கிறார். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களில் எட்டுப் பேர் உட்காருவார்கள். அதில் மூன்று பேர் தூங்கிவிடுவார்கள்.

"என்ன குப்பைங்க ஐயா?"

"தெய்வானைதான்."

தெய்வானை அவர் மனைவி. தை மாதம் தவறிப்போனார்.

"கண்ணை மூடுனா வந்துடறா டீச்சர். வந்து நல்லதா நாலு வார்த்தை சொன்னாலும் பரவால்லீங்க. மாவு புளிச்சுப்போச்சுங்கறா. குடையை எங்க தொலைச்சீங்கங்கறா. துண்டை ஈரத்தோட கட்டில்ல போடாதீங்கங்கறா. முப்பத்தெட்டு வருசம் குடித்தனம் பண்ணி, மிஞ்சுனது இந்தக் குப்பைதானுங்களா?"

டீச்சர் பாயைச் சுருட்ட, அவர் தொடர்ந்தார்.

"மனசு துடைச்சுவிட்ட மாதிரி காலியாகோணும். அவ குரலே கேக்கக் கூடாது. அதுக்குத்தான் ஆறு மாசமா உங்ககிட்ட உட்கார்றேன்."

"காலியானா?"

"நிம்மதியா இருப்பேனுங்க."

"சரி, வாங்க. குளத்தை ஒரு சுத்துச் சுத்திட்டு வருவோம்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. நடைப்பயிற்சிச் சங்கம் குளத்தைச் சுத்தம் செய்யும் நாள். சங்கத்தின் தலைவர் வேறு யார், சென்னியப்பன்தான். இரண்டு மரங்களுக்கு நடுவே அவர் படம் போட்ட பேனர் தொங்கியது. படத்தில் அவர் தலை, குளத்தைவிடப் பெரிதாக இருந்தது.

தண்ணீரில் ஏழெட்டுப் பேர் வலையும் துரட்டியுமாக இறங்கியிருந்தார்கள். கரையில் பாட்டில்களும் பொரிப் பைகளும் குவிந்தன. வாத்துகள் எதிர்மூலையில் ஒதுங்கிக் கத்திக்கொண்டிருந்தன. வெள்ளை வாத்து ஒன்று மட்டும் கரையேறி, சங்கத்துப் பொருளாளரைப் பெஞ்சு வரை விரட்டியது.

சென்னியப்பன் நின்றார்.

"அங்க பாருங்க டீச்சர்! ஒரு மூலை விடாம வாரச் சொல்லியும் அதை விட்டுட்டானுக!"

கோரைப்புல் ஓரமாக, தண்ணீரில் ஒரு திட்டு மிதந்தது. அழுகிய பாசி, கறுத்த தழை. ஒரு முறத்தளவு இருக்கும்.

"அது குப்பைங்களா?"

"குப்பையைப் பத்தி என்கிட்டயே கேக்கறீங்களே. முப்பத்துநாலு வருசம் பார்த்த கண்ணுங்க இது."

"அப்ப நீங்களே எடுங்க ஐயா. வாரிப்போடறதுக்கு முன்னால கையை மட்டும் மெதுவா உள்ள விட்டுப் பாருங்க."

"எதுக்குங்க?"

"ஒரு தடவைதானே."

அவர் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு இறங்கினார். தண்ணீர் தொடை வரை ஏறியது. புறா அளவில் ஒரு பழுப்புப் பறவை அருகில் தலை நீட்டியது. அவரைப் பார்த்ததும் முங்கிவிட்டது.

திட்டிலிருந்து நாற்றம் அடித்தது. அவருக்கு அது பழகிய நாற்றம். தழைக்குள் கையை விட்டார்.

விட்ட கை அப்படியே நின்றது.

மெதுவாக ஒரு பிடி தழையை விலக்கினார். உள்ளே நாலு முட்டைகள், பாசிக்கறை ஏறிப் பழுப்பாக.

பின்னால் வலையோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

"தலைவரே, நகருங்க! ஒரே வாரா வாரிடறோம்."

"எவனாச்சும் கிட்ட வந்தீங்க, நடக்கறதே வேற!"

பணியில் இருந்தபோதுகூட அவர் அப்படிக் கத்தியதில்லை. இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார்.

"குப்பைங்க தலைவரே..."

"குப்பையில்லடா! பத்தடி தள்ளிக் கயிறு கட்டுங்க. அந்த மூலையில எவனும் இறங்கக் கூடாது. போங்க!"

வந்தவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் விலக்கிய தழையை எடுத்து முட்டைகள்மேல் போட்டார். ஒரு முட்டை வெளியே தெரிந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி, ஒவ்வொரு தழையாக மூடினார். தொட்டில் குழந்தைக்குப் போர்த்துகிறவர்போல அவ்வளவு கவனம்.

கரையேறி டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"அந்தப் பறவை முக்குளிப்பானுங்க ஐயா," என்றார் டீச்சர். "ஆள் வந்தா, அழுகுன தழையை இழுத்து முட்டையை மூடிட்டுத்தான் தண்ணிக்குள்ள போகும். காக்கா பார்த்தா குப்பைன்னு போயிடும்."

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

"பத்து நாளாப் பார்க்கறேன்."

"முன்னாலயே சொல்லியிருக்கலாமில்லீங்க? ஒரு நிமிசம் பிந்தியிருந்தா என்னாயிருக்கும்!"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

சென்னியப்பன் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"மாட்டேனுங்க."

ஆட்கள் விலகியதும் கோரைப்புல் பக்கம் தண்ணீர் அசைந்தது. பறவை தலை தூக்கி நாலாபக்கமும் பார்த்தது. திட்டின்மேல் ஏறி, அவர் பாடுபட்டு மூடிய தழையை அலகால் ஒவ்வொன்றாக ஒதுக்கித் தள்ளியது. பிறகு முட்டைகள்மேல் உட்கார்ந்துகொண்டது.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கையை உள்ள விட்டீங்களே ஐயா," டீச்சர் கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

அவர் வலக்கையைப் பார்த்தார். விரல் இடுக்கில் கறுப்புச் சேறு. துடைத்துக்கொள்ளவில்லை. கையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். சங்கத்தார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்குக் கண்ணீர் வழிந்தது. தெய்வானை போன நாளில்கூட அவர் அழவில்லை.

"சூடா இருந்துச்சுங்க டீச்சர்."