ஈரமானவை பச்சையில், உலர்ந்தவை நீலத்தில்

பல்கலைக்கழகத்தில் மறுசுழற்சியை மேம்படுத்தும் பொறுப்பு மூன்று தற்காலிக விரிவுரையாளர்களுக்கு வந்தது. இயற்பியல் செபஸ்தியான், தத்துவம் இருளப்பன், வரலாறு பரிபூரணம் மேடம். மூவரும் முனைவர்கள். பதினோரு வருடமாகத் தற்காலிகம். இதை ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம், பிசகினால் வீடு என்று பதிவாளர் சொல்லிவிட்டார். கையில் ஒரு சுற்றறிக்கையும் கொடுத்தார்.

‘வளாகத்தில் ஈரமானவை பச்சைத் தொட்டியில், உலர்ந்தவை நீலத் தொட்டியில் போடப்பட வேண்டும். ஒன்றுகூட விடுபடக் கூடாது.’

குப்பை என்று அவர் எழுதவில்லை. படித்தவர்கள்தானே, புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டார்.

முதல் நாள் கேன்டீன் வாசலில் ஒரு காகிதக் கோப்பை கிடந்தது. அடியில் ஒரு மடக்கு டீ.

“மேலே காய்ஞ்சிருக்கு, கீழே ஈரம்” என்றார் செபஸ்தியான்.

“இதுல கோப்பைங்கிறது மேலா, கீழா? அதை முதல்ல முடிவு பண்ணணும் சார்” என்றார் இருளப்பன்.

“குடிச்சிட்டா முடிஞ்சது” என்றார் மேடம்.

பங்கிட்டுக் குடித்தார்கள். காயும்வரை முறைபோட்டு ஊதினார்கள். கோப்பை நீலத்துக்குள் விழுந்தபோது மணி பன்னிரண்டு.

பிறகு கை பழகிவிட்டது. வாழைப்பழத் தோல்கள் மொட்டைமாடியில் காய்ந்து நீலத்துக்குப் போயின. மழையில் நனைந்த செய்தித்தாள்கள் பச்சைக்குப் போயின. விடுதிக் கொடியில் தொங்கிய சட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பிரித்தார்கள். மாணவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

“பாதி காய்ஞ்சதுல கை வச்சோமா? அதைப் பத்தி விதியே இல்ல” என்று இருளப்பன் நியாயம் கேட்டார்.

ஆய்வுக்குழு வந்தது. வளாகத்தில் ஒரு துண்டுக் காகிதம் கண்ணில் படவில்லை. நூலகத்துக்குள்ளும் படவில்லை. மெச்சிவிட்டுப் போனார்கள்.

அன்று மாலையே நிரந்தர நியமன உத்தரவு வந்தது. ஒரே தாள், மூன்று பெயர். ஏழு நாளுக்குள் அலுவலகத்தில் நேரில் காட்டிப் பணியில் சேர வேண்டும்.

மேடம் தாளைத் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

“காய்ஞ்சிருக்கு சார்.”

“நீலத்துல போட்டா வேலை போயிடும்.”

“போடலேன்னா விதியை மீறினதாயிடும். அப்பவும் போயிடும்.”

செபஸ்தியான் சட்டென்று தண்ணீர் தெளித்தார்.

“ஐயோ, இப்ப பச்சை!” என்று அலறினார் இருளப்பன். மேடம் விசிறினார். தாள் ஈரமுமில்லாமல் உலர்வுமில்லாமல் ஒரு பதத்துக்கு வந்தது. மூவரும் மூச்சு விட்டார்கள். அந்தப் பதத்தை விடாமல் காத்தார்கள். ஒருவர் தெளிக்க, ஒருவர் விசிற, ஒருவர் தொட்டுப் பார்க்க.

ஏழாம் நாள் அலுவலக உதவியாளர் மூக்கையா தேடி வந்தார்.

“இன்னைக்குத்தான் கடைசி. ஏன் சார் இன்னும் வந்து சேரலை?”

“உத்தரவை விட்டுட்டு எப்படிண்ணே வர்றது?”

“கையோட கொண்டாங்க.”

“அங்க ஃபேன் ஓடுது. காய்ஞ்சிடும்.”

மூக்கையா தலையில் கை வைத்தார். செபஸ்தியான் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“பதிவாளர்கிட்ட சொல்லுங்கண்ணே, நாங்க நிரந்தரமாகத் தயார். இதைப் பார்த்துக்க மட்டும் மூணு தற்காலிகத்தைப் போடச் சொல்லுங்க.”