நாகலிங்கத்துக்குச் சீட்டு கிடைத்த கதை

கொட்டாங்குடிக்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் தொல்லை.

அந்த ஊர் நாகலிங்கத்துக்கு வயது நாற்பத்துமூன்று. தாவரவியல் பட்டதாரி, மாவு மில் வைத்திருந்தான். ஒருநாள் அவன் மனைவி மீனாளுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்து, கன்னம் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. ஊரில் பல் டாக்டர் கிடையாது. டவுனுக்குப் போகும் பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் அழுததைப் பார்த்தவன், "நானே பல் டாக்டராகிறேன்" என்று முடிவு கட்டினான்.

டவுன் பல் மருத்துவக் கல்லூரியில் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. "பட்டம் செல்லுபடியாக வேண்டும்" என்று அதில் போட்டிருந்தது. நாகலிங்கம் சிநேகிதர்கள் உடையப்பனையும் சாத்தையாவையும் கூட்டி யோசனை கேட்டான்.

"செல்லுபடின்னா என்ன மச்சான்?"

"செல்லணும். அதாவது போகணும்" என்றான் உடையப்பன்.

"பட்டம் எங்கடா போகும்?"

"மேலதான் போகும். வால் இருக்கா அதுக்கு?"

வால் இல்லை. மீனாளின் பழைய சேலையைக் கிழித்து, பட்டச் சான்றிதழுக்கு வால் ஒட்டி, நூல் கட்டி, கண்மாய்க் கரையில் விட்டார்கள். ஜம்மென்று ஏறியது.

"செல்லுது மாப்ளே, செல்லுது!" என்று சாத்தையா கைதட்டினான். அதுவரை நூல் அவன் கையில்தான் இருந்தது. பட்டம் மேகத்துக்குள் போய்விட்டது.

நாகலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு தூரம் செல்லும் பட்டம் வேறு யாரிடம் இருக்கிறது?

நேர்முகத் தேர்வுக்கு மூவருமே போனார்கள். கல்லூரி முன்னால் ஒரு பலகை: "வாயில் வழியாக மட்டும் உள்ளே வரவும்."

"யார் வாயில்?" என்றான் நாகலிங்கம்.

"பல் காலேஜு. வேற எது வழியா விடுவாங்க?" என்றான் சாத்தையா.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் பெரிதாகக் கொட்டாவி விட்டார். "திறந்துட்டாங்க!" என்று உடையப்பன் பாய்ந்து அவர் வாய்க்குள் கையை முழங்கை வரை நுழைக்கப் பார்த்தான். வாட்ச்மேன் தடியை எடுத்தார். ஓடிய ஓட்டத்தில் மூவரும் கல்லூரிக்குள் இருந்தார்கள்.

முதல்வர் கேட்டார்: "இந்த வயசுல ஏன் படிக்க வந்தீங்க?"

"போன வயசுல தோணலைங்க சார்."

"உங்க பட்டம்?"

"மேல இருக்குங்க."

"அட, மேற்பட்டமா! சந்தோஷம். ஆனா ஒண்ணு, அஞ்சு வருஷமும் பல்லைக் கடிச்சுக்கிட்டு படிக்கணும்."

அந்த நொடியே நாகலிங்கம் பல்லைக் கடித்தான். அப்புறம் எதைக் கேட்டாலும் "ம்ம்" என்றுதான் வந்தது. இத்தனை அடக்கமான ஆளை முதல்வர் பார்த்ததே இல்லை.

"உங்களுக்குச் சீட்டு கொடுத்தாச்சு. எடுத்துக்கிறீங்களா?"

நாகலிங்கத்தின் கண் கலங்கிவிட்டது. தலையாட்டிவிட்டு, வெளியே காத்திருந்த சிநேகிதர்களிடம் ஓடினான். வராந்தாவில் சக்கரம் வைத்த பல் நாற்காலி ஒன்று நின்றது. மரத்துப்போக ஊசி போட்ட பெரியவர் ஒருவர், வாயில் பஞ்சோடு அதில் சாய்ந்திருந்தார்.

"இதுதான் நம்ம சீட்டா?" என்று உடையப்பன் கேட்டான்.

"ம்ம்."

தள்ளிக்கொண்டே பஸ் நிலையம் போய், மூவருமாகத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றினார்கள். பெரியவர் கையை ஆட்டி "ஆ... ஆ..." என்றார்.

"பாவம், ஊருக்கு வர அவ்வளவு ஆசை" என்றான் சாத்தையா.

கண்டக்டர் எட்டிப் பார்த்து, "சீட்டு இல்லப்பா!" என்றார்.

"நாங்க கொண்டாந்திருக்கோம்ணே!"

கொட்டாங்குடி வரை மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் வந்தார்கள். என்ன செய்வது, சீட்டில்தான் ஏற்கெனவே ஆள் இருக்கிறாரே!