மலைக்குப் போகாத மருந்து

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒரு மருந்து வந்தால், அதை நாடு முழுக்க வைத்தியசாலைகளுக்குக் கொடுக்கலாமா என்று ஆராய்ந்து சொல்ல ஓர் அதிகாரி இருப்பார். அவர் சபையில் எழுந்து, கண்டதைச் சொல்லி, கடைசியில் "என் சொல் முடிந்தது" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் அரசர் உத்தரவு போடுவார்.

மாறையன் அந்த வேலையில் இருந்தார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். பிரசவத்தில் உதிரப்போக்கை நிறுத்தும் மருந்து ஒன்றைப் பல வருடங்களாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி மலையூரில் அந்த உதிரப்போக்கில்தான் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு இது கையில் இருந்திருந்தால் என்று அவர் ஏங்காத நாளே கிடையாது.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. சபையில் அதை அழகாக எடுத்துச் சொல்வார். சொல்லிவிட்டு, "இருந்தாலும் இன்னும் கொஞ்சம் ஆராய்ந்தால் நல்லது" என்று உட்கார்ந்துவிடுவார். முடிக்காத சொல்லுக்கு அரசர்தான் என்ன செய்வார்? அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

ஒரு மாலை மாறையன் தன் குருவிடம் போனார். குரு ஆதிரை அம்மை அவரைவிட வயதில் சின்னவர். தாடி நரைத்திருந்தது சீடருக்குத்தான். அம்மை அந்த மருந்தைத்தான் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்றால் தூரத்தில் மலை தெரியும். மாறையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ போனதுல இருந்து ஊருக்கே போகலைம்மா. போனா இந்த மருந்தோடதான் போகணும்னு இருக்கேன். இது எப்பம்மா அங்கே போய்ச் சேரும்?"

"உங்க சொல் எப்ப முடியும்?"

"எப்படி முடிப்பேன்? பட்டணத்துல கொடுத்துப் பார்த்தோம், கேட்டுச்சு. மலைக் குளிர்ல மருந்து கெட்டுட்டா? அங்கே இருக்கிற மருத்துவச்சிங்க அளவு மாத்திக் கொடுத்துட்டா? தெரியாததைத் தெரியும்னு சொல்லலாமா?"

"சொல்லக் கூடாது" என்றார் அம்மை.

மாறையனுக்கு ஆறுதலாக இருந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"உங்க மக வெண்ணி எப்படி இருக்கா?"

"மலையூர்லதான் இருக்கா. நிறைமாசம்."

அம்மை ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "இந்தாங்க, அவளுக்குக் கொடுத்து அனுப்புங்க."

மாறையன் கை நீட்டவில்லை. "வேண்டாம்மா."

"ஏன்?"

"போன வாரமே அனுப்பிட்டேன்."

அம்மை பொட்டலத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"குளிர்ல கெடாதா?"

"கம்பளியில சுத்தி, அடுப்படிப் பக்கம் வைக்கச் சொல்லியிருக்கேன்."

"அளவு?"

"மருத்துவச்சிக்கு எதிர்லயே அளந்து காட்டிட்டு வான்னு ஆள் அனுப்பினேன். அவளையும் அளக்கச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். பிரசவம் ஆனதும் எப்படிக் கேட்டுச்சுன்னு வந்து சொல்லவும் ஏற்பாடு..."

மாறையன் அத்தோடு நிறுத்திவிட்டார். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

அம்மை வாசலுக்கு வந்து அவர் பக்கத்தில் நின்றார். மலை இருட்டத் தொடங்கியிருந்தது.

"வெண்ணிக்குப் பக்கத்து வீட்டுலயும் ஒரு பொண்ணு நிறைமாசமா இருப்பா இல்லையா?" என்றார். "அவளோட அப்பாவுக்குச் சபையில எழுந்து பேச இடமில்லையே, மாறையரே."