வாளியில் விழாத கலர்

சத்தியமங்கலம் தாண்டி, மலை ஏறுகிற இடத்தில் ஊஞ்சக்காடு என்று ஒரு ஊர். அங்கே ஒரு ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றதும் பெரிசாக நினைச்சுக்காதீங்க. ஒரு ஷட்டர், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூணு பேர். முதலாளி சென்னியப்பன், வருசம் தவறாமல் முருகனுக்குக் காவடி எடுக்கிறவர். அவர் பொண்டாட்டியோட தம்பி அர்த்தனாரி கேமரா பிடிப்பான். காளியண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். மூணு பேரும் தங்கமான மனுசங்க. கடவுள் புத்தி கொடுத்த நேரத்தில் மட்டும் மூணு பேரும் டீ குடிக்கப் போயிருந்தாங்க, அவ்வளவுதான்.

காளியண்ணனிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் 'ஆமா' என்கிற பட்டனைத்தான் அமுக்குவான். ஒரு மிஷின் நம்மை மதிச்சுக் கேட்கும்போது இல்லைன்னு சொல்றது மரியாதை இல்லை என்பது அவன் கட்சி.

ஒருநாள் ரேஞ்சர் அம்மா வந்தார். வனத்துறை தகவல் மையம் கட்டி முடிச்சாச்சு, சுவரில் மாட்டப் படம் வேணும் என்றார். அர்த்தனாரி அவருடைய ஜீப்பில் கூடப் போய் எடுத்த படங்கள் ஏற்கனவே இருந்தன. அதில் புலி படம்தான் பிரமாதம். புலியைப் பார்த்த பயத்தில் அவன் விரல் தானாக அமுங்கி எடுத்த படம் அது.

"எல்லாத்துலயும் கலரை எடுத்துட்டுக் கருப்பு வெள்ளையா ஆக்கிக் கொடுங்க. மயிலோட வால் சட்டத்துக்குள்ள அடங்காது. அதை வெட்டிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

மூணு பேரும் வேலையை உடனே ஆரம்பிக்கவில்லை. விவரமானவங்க இல்லையா, முதலில் யோசித்தார்கள்.

"எடுத்த கலரை எங்க வைக்கிறதுங்க மச்சான்?" என்று கேட்டான் அர்த்தனாரி.

சென்னியப்பன் மோவாயைத் தடவினார். "காட்டு மிருகத்துக் கலரு, மாப்ளே. கவர்மெண்டுப் பொருளு. கீழ மேல சிந்தக்கூடாது."

அதனால் வீட்டுக் குளியலறை வாளியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்கு அடியில் வைத்தார்கள். மாதிரிக்குப் போட்ட கலர் பிரிண்டை எல்லாம் ஓரமாகச் சுருட்டி வைத்துவிட்டு, காளியண்ணன் பட்டனை அமுக்கினான். மயிலின் நீலம் போச்சு, பச்சை போச்சு. அப்புறம் வாலை வெட்டினான். பழைய படத்தை அழித்துவிட்டு அதன் மேலேயே சேவ் பண்ணட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமா என்றான். மானுக்கும் அப்படியே. புலிக்கும் அப்படியே. காட்டெருமை படத்தில் மட்டும் எத்தனை தரம் அமுக்கியும் அது அப்படியே நின்றது. கருத்த உடம்பு, காலுக்கு மட்டும் வெள்ளைச் சாக்ஸ்.

"இதுல யாரோ முன்னாடியே எடுத்துட்டுப் போயிட்டாங்கணா" என்றான் காளியண்ணன். திருட்டுப் பயலுக எங்கேயும்தான் இருக்காங்க என்று சென்னியப்பன் வருத்தப்பட்டார்.

வேலை முடிந்து வாளியைப் பார்த்தால், ஒரு சொட்டு இல்லை. அர்த்தனாரி உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்தான். வாளியில் ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். ஓட்டையும் இல்லை. எடுத்த கலர் எங்கே போச்சு என்பது ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

மறுநாள் கிருத்திகை. மூணு பேரும் காலையில் மலைக் கோயிலுக்குப் போனார்கள். படியோரம் எப்போதும் ஒரு மயில் மேயும். படத்தில் இருப்பது அதே மயில்தான். அன்றைக்கு அந்த இடத்தில் பழுப்பாக ஒரு பறவை நின்றது. மினுமினுக்கிற நீலம் இல்லை. நீட்டு வாலும் இல்லை.

அது பெட்டை மயில் என்று நீங்களும் நானும் சொல்லிவிடுவோம். ஆனால் நாம் அங்கே இல்லையே. இவர்கள் பிறந்ததிலிருந்து பெட்டை மயிலைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான், இத்தனை நாளும் அதைக் காட்டுக்கோழி என்று நினைத்திருந்தார்கள்.

சென்னியப்பன் பறவையை மேலும் கீழும் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"காளியா, கலரை எடுத்தே, சரி. வாலை எதுக்குடா ஒட்ட வெட்டினே?"

"ரேஞ்சர் அம்மா சொன்னாங்கணா."

"முருகன் ஏறிப் போற வண்டிடா அது. இனி எந்த மூஞ்சியோட நான் காவடி எடுப்பேன்?" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பார்க்கவே பாவமாக இருந்தது. வேணும்னு கெடுதல் செய்கிற மனுசன் இல்லை பாருங்க.

கடைசியில் அர்த்தனாரிக்கு ஒரு வழி தோன்றியது. ஓரமாகச் சுருட்டி வைத்த கலர் பிரிண்டைக் கொண்டுபோய் மயிலிடம் காட்டினால், தான் எப்படி இருந்தோம் என்று அதற்கு ஞாபகம் வந்துவிடும் என்றான். ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு பறவையின் முன்னால் விரித்தார்கள். அது மிரண்டு ஒரே ஓட்டமாகப் புதருக்குள் புகுந்தது. அப்புறம் புதரின் அந்தப் பக்கத்திலிருந்து ஆண் மயில் வந்தது. படத்தில் இருப்பதைப் போட்டிக்காரன் என்று நினைத்ததோ என்னவோ, முழுத் தோகையையும் விரித்து ஒரு ஆட்டம் போட்டது பாருங்க, ஊஞ்சக்காடே கண்டதில்லை.

"வாலும் வந்துருச்சுங்க மச்சான்" என்றான் அர்த்தனாரி. சென்னியப்பன் அங்கேயே விழுந்து கும்பிட்டார். மயிலை ஒருமுறை, பிரிண்டை ஒருமுறை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்லா இருந்திருக்கும். சாயங்காலம் படம் வாங்க வந்த ரேஞ்சர் அம்மா, புலியைப் பார்த்துச் சொக்கிப் போனார். இதுதான் புலி என்றார். சும்மா இருக்காமல் இன்னொன்றும் சொல்லித் தொலைத்தார்: "இந்தப் புலி கொஞ்ச நாளா யார் கண்ணுலயும் படலைங்க. காட்டுல வெச்ச கேமராவுலகூடச் சிக்கலை."

அவர் போனதும் மூணு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கருப்பு வெள்ளையாகிவிட்ட வெட்கத்தில் புலி வெளியே வரவில்லை. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. மஞ்சப் புல்லில் பதுங்க மஞ்ச உடம்பு வேண்டாமா? பதுங்க முடியாது, வேட்டை கிடைக்காது, பட்டினி கிடக்கும். பசி முத்தினால் கலரை எடுத்தவன் யார் என்று தேடிக்கொண்டு நேராக ஸ்டுடியோவுக்குத்தான் வரும்.

புலிக்கும் கலர் பிரிண்ட் இருந்தது. அதை யார் கொண்டுபோய்க் காட்டுவது என்பதில்தான் சிக்கல். அர்த்தனாரிக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்தது. காளியண்ணனை மாப்பிள்ளை பார்க்க ஆள் வருவதாக இருந்தது. முதலாளி என்றால் முன்னால் நிற்க வேண்டும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். சென்னியப்பன் பிரிண்டைச் சுருட்டித் திரும்ப ஓரத்திலேயே வைத்தார்.

அப்போதுதான் காளியண்ணனுக்கு மூளை வேலை செய்தது. செய்திருக்க வேண்டாம்.

"நாம இங்க படத்துல வாலை வெட்டினா, அங்க மயிலுக்கு வால் போகுது. அப்ப படத்துலயே உங்களைப் புலி முன்னால நிக்க வெச்சுட்டா வேலை முடிஞ்சுதுங்ணா. காட்டுக்கு எதுக்கு நடக்கோணும்?"

எவ்வளவு எளிசு பாருங்க. சென்னியப்பன் காவடி எடுத்த படம் ஒன்று இருந்தது. காவடியை எடுத்துவிட்டு அவர் கையில் கலர் பிரிண்டைக் கொடுத்து, புலிக்கு நேர் எதிரே ஒட்டினான். மூணு பேருக்கும் நிம்மதி. சென்னியப்பன் சந்தோசமாகக் கிட்டப் போய்ப் பார்த்தார். அப்புறம் அவர் முகம் மாறியது.

"காளியா, அது என்னையவே பார்க்குதுடா."

"பார்த்தாத்தானேங்ணா கலர் வரும்."

"வாயைத் தொறக்குதுடா. அழிடா. ரெண்டுல ஒண்ணைச் சீக்கிரம் அழி."

காளியண்ணன் பதறாமல் யோசித்தான். புலி அரசாங்கச் சொத்து. அதை அழித்தால் கேஸ், ஜாமீன்கூடக் கிடைக்காது. அதனால் சென்னியப்பனை அழித்தான். நிரந்தரமாக அழித்துவிடட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமா என்றான்.

திரையில் புலி மட்டும் நின்றது.

"அப்ப நானு?" என்று மெதுவாகக் கேட்டார் சென்னியப்பன்.

அர்த்தனாரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். காளியண்ணன் ஷட்டரை இறக்கினான். பாதியில் மாட்டிக்கொண்டதால் சென்னியப்பனும் ஒரு கை கொடுத்தார்.

அவர் பொண்டாட்டி பொன்னாத்தாவுக்கு யார் சொல்வது? நீங்க சொன்னா அவ தாங்கமாட்டா என்று சென்னியப்பனே போய்ச் சொன்னார். பொன்னாத்தா முழுசாகக் கேட்டுவிட்டு, அழியறதுக்கு முன்னால அந்தக் குளிக்கிற வாளியைத் திரும்ப வீட்டுல கொண்டாந்து வெச்சீங்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், போய் எடுத்துட்டு வாங்க என்றார். துக்கத்தில் பேசுகிறாள், பாவம் என்று சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்தார்.

அவர் வருவதற்குள் கடையில் மற்ற இருவரும் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் தயார் செய்துகொண்டிருந்தார்கள். ரேஷன் கார்டுக்கு எடுத்த அவர் படம் ஒன்று மிச்சம் இருந்தது. அதை வழக்கம்போலக் கருப்பு வெள்ளையாக மாத்தக் காளியண்ணன் பட்டன் மேல் கையை ஓங்கினான். சென்னியப்பன் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

"வேண்டாம்டா. கலர்லயே இருக்கட்டும். இருந்த வரைக்கும் நல்லா இருந்த மனுசன்."

மறுநாள் முச்சந்தியில் ஃபிளக்ஸ் ஏறியது. அர்த்தனாரி மாலை வாங்கி வந்தான், ஆனால் படம் உயரத்தில் இருந்ததால் எட்டவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சென்னியப்பன் வந்தார். வீட்டுக்குக் கொண்டுபோகிற அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, மாலையைத் தானே மாட்டிவிட்டு, நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் கோணலாக இருந்ததைச் சரிசெய்துவிட்டு, தேம்பித் தேம்பி அழுதபடி கீழே இறங்கினார்.