தென்கரைப் பிடி

"பாலம் கட்டக் கத்துக்கலாம்னுதான் உங்ககிட்ட வந்தேன். ரெண்டு வருஷமா குழிதான் வெட்டியிருக்கேன்," என்றார் சவரிமுத்து மேஸ்திரி.

தலைமைப் பொறியாளர் பூங்கோதை வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

அந்த நகரத்து ஆறு இரண்டு கல் பாலங்களைத் தூணோடு பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. அதனால் தண்ணீரில் ஒரு தூண்கூட இல்லாத தொங்கு பாலத்தை வரைந்தார் பூங்கோதை. கரைக்கு ஒரு கோபுரம். இரண்டு கோபுரங்களின் தலைமேலும் ஏறி இறங்கும் இரும்பு வடங்கள். அந்த வடங்களில் தொங்கும் சாலை.

வடகரை பாறை. வடங்களின் நுனியைப் பாறையிலேயே பூட்டிவிட்டார்கள்.

தென்கரை களிமண். அங்கே அறுபதடி தோண்டி, நாலு மாடி வீடளவுக்குக் கான்கிரீட் போட்டு, மறுநுனிகளை அதில் பூட்டியவர் சவரிமுத்து. உள்ளே போய்ப் பார்க்க ஓர் அறையை மட்டும் விட்டு, மேலே மண்ணை மூடிவிட்டார்கள்.

கோபுரம் கட்டியவர்களை ஊரே அண்ணாந்து பார்க்கிறது, தன் வேலை மண்புழுவுக்குத்தான் தெரியும் என்றார் சவரிமுத்து. சொந்த ஊருக்கே திரும்பிவிடப் போவதாகவும் சொன்னார்.

பூங்கோதை எழுந்து வெளியே போனார். ஒரு கயிற்றின் நுனியை மரத்தில் கட்டினார். நட்டு வைத்திருந்த இரண்டு கவைக் கம்புகளின் மேல் கயிற்றைப் போட்டு, மறுநுனியை அவரிடம் கொடுத்து, தரையில் உட்காரச் சொன்னார்.

பிறகு இரண்டு கம்புகளுக்கும் நடுவே, கயிற்றின் மேல் தான் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கயிறு சவரிமுத்துவை இழுத்தது. குதிகாலை மண்ணில் ஊன்றினார். உள்ளங்கை எரிந்தது.

"இப்ப ஊருக்குப் போங்க மேஸ்திரி," என்றார் பூங்கோதை.

அவர் போகவில்லை.

திறப்பு விழாவுக்கு முன் பாரச் சோதனை. நாற்பது மணல் லாரிகள் நடுப்பாலத்துக்கு ஊர்ந்தன. இரு கரையிலும் நகரமே மூச்சடக்கி நின்றது. பூங்கோதை கரையில் போட்டிருந்த மேடையில் இருந்தார்.

சவரிமுத்து மண்ணுக்கு அடியில், அந்த அறையில் இருந்தார். வடங்கள் விறைத்து முனகின. கான்கிரீட் நகர்ந்தால் காட்டுவதற்குப் பொருத்தியிருந்த அளவுமுள்ளையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது நகர ஆரம்பித்தால் லாரிகளும் சாலையும் ஆற்றோடு போகும்.

போன் அடித்தது.

"சொல்லுங்க மேஸ்திரி."

மேடையில் பூங்கோதை தன் போனை மைக்குக்கு முன்னால் பிடித்திருந்தது அவருக்குத் தெரியாது.

"நகரலம்மா. ஒரு நூல்கூட நகரல."

அறுபதடி மண்ணைத் துளைத்துக்கொண்டு நகரத்தின் ஆரவாரம் அவரிடம் இறங்கி வந்தது.