மாவுக்கும் லீவு

மந்தங்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்வது அபாண்டம். இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள் லூர்தம்மாள். வேலைக்கு மூன்று பேர்: மேஸ்திரி தளவாய், எசக்கி, பூல்பாண்டி. இந்த மகானுபாவர்கள் வராத நாளில்தான் எதுவும் உடைவதில்லை என்று ஒருவழியாகக் கண்டுகொண்டவள், ஞாயிறோடு வெள்ளியும் விடுமுறை என்று அறிவித்தாள்.

"சம்பளத்துல கைவைக்க மாட்டேன். ஆனா வெள்ளிக்கிழமை இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு வேலையும் நடக்கக்கூடாது. விளங்குச்சா?"

"விளங்கிட்டுக்கா" என்றான் தளவாய். அவனுக்கு விளங்கிவிட்டது என்றால் ஏதோ உடையப்போகிறது என்று அர்த்தம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஒரு கல்யாண வரவேற்புக்கு மாவு கேட்டிருந்தார் சமையல் காண்டிராக்டர் அருணாசலம் பிள்ளை. பிடித்துப்போனால் முகூர்த்த சீசன் முழுக்க அவளிடம்தான் வாங்குவார். முந்தின நாளே அரைத்து டிரம்களில் மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

விடுமுறை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வெள்ளி காலையில் மேஸ்திரியிடம் இருந்த சாவியால் திறந்து மூவரும் உள்ளே வந்தார்கள். டிரம் மூடியை மாவு தள்ளிக்கொண்டிருந்தது.

"மாவு பொங்குதுண்ணே" என்றான் எசக்கி.

"லீவு நாள்லயா? யாரு சொல்லி?" என்று அதட்டினான் தளவாய்.

"கேட்டேன். வாயத் திறக்க மாட்டேங்குது."

பூல்பாண்டிக்கு மனசு கேட்கவில்லை. "நாம சம்பளத்தோட லீவு எடுத்துக்கிட்டு, சம்பளமே இல்லாத மாவப் போட்டு வேலை வாங்குறது பாவம்ணே."

வெகுநேரம் யோசித்தார்கள். பார்க்கவே பரிதாபமாக இருந்திருக்கும். கடைசியில் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் சுமந்துவந்து டிரம்முக்குள்ளேயே கொட்டினார்கள். மாவு அடங்கிப் படுத்துக்கொண்டது.

சாயங்காலம் லூர்தம்மாளோடு வந்த பிள்ளை மூடியைத் திறந்தார். வெள்ளைத் தண்ணீரில் ஒரு நெத்திலி மிதந்தது.

"அம்மா, நான் சைவச் சமையல்" என்று சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்தான்.

லூர்தம்மாள் டிரம் மூடியைத் தூக்கி எறிந்தாள். "இனி வாரம் பூரா உங்களுக்கு லீவுதான்டா. போய்த் தொலைங்க."

"சம்பளம் குறையாதுல்லாக்கா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அவள் சாவியோடு வந்தால், வாசலை மறித்து மூன்று பேரும் நிற்கிறார்கள்.

"வழிய விடுங்கடா."

"முடியாதுக்கா. வாரம் பூரா லீவு. உள்ள ஒரு வேலையும் நடக்கக்கூடாது. நீங்க சொன்னதுதான."

தளவாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வெள்ளிக்கிழமை லீவுன்னா மூணு பேரு சமாளிச்சிருவோம். வாரம் பூரா லீவுன்னா வேலை ஜாஸ்தி. இன்னும் ரெண்டு ஆளப் போட்டுக் குடுங்கக்கா."